குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் குடித்துவிட்டுக் கிடந்ததற்காக விடிந்ததும் என்னை ஒரு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் இன்னொருவனையும் லாக்கப்பில் தள்ளினார்கள். மீன் பிடிக்கிறவன், நாற்பது வயது இருக்கும். வரிசையில் நின்ற ஒரு டிரெய்லர் லாரியின் கண்ணாடியைக் கல்லால் உடைத்திருக்கிறான். மூன்று மணிக்குக் கோர்ட், அங்கிருந்து ஜெயில் என்றார் ஏட்டு.

அவன் சுவரோரம் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தான். வலையும் இல்லை, மீனும் இல்லை. விரல்கள் மட்டும் காற்றில் கண்ணி கண்ணியாகப் பிரித்தன. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"ஏறுன சரக்கு இன்னும் எறங்கல. இன்னாமா நடிக்கிறான் பாரு" என்றார் ஏட்டு.

கிட்டே போய் முகர்ந்தேன். அவனிடம் சாராய வாடையே இல்லை. நாறியது நான்தான்.

கம்பிக்கு வெளியே அவன் மனைவி நின்றிருந்தாள். "யக்கா, கடசியா எப்போ குடிச்சாரு?" என்று கேட்டேன்.

"குடியா? ரெண்டு நாளா வூட்ல போட்டுப் பூட்டி வெச்சேன். ஒரு சொட்டு இல்ல. காத்தால கதவ ஒட்ச்சிகினு ஓடியாந்துட்டான்." பெருமையாகத்தான் சொன்னாள். "உள்ள போவட்டும். அங்கயாச்சும் குடிக்காம கெடப்பான்."

முன்பு லாரியில் கிளீனராக இருந்தேன். எங்கள் டிரைவர் சட்டென்று குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் படுத்தபடியே காற்றில் ஸ்டியரிங் திருப்பினார். விஷம் இறங்குகிறது, நல்லதுதான் என்று போர்வையைப் போர்த்திவிட்டு டீ குடிக்கப் போனேன். வலிப்பு வந்து செத்துப்போனார்.

"ஏட்டையா, இது போதை இல்ல. குடிய படக்குனு நிறுத்துனா வர்றது. உயிருக்கே ஆபத்து."

"நீ டாக்டரா? உனக்கே இன்னும் நேரா நிக்க வரல."

"மாத்தூராண்ட போதை மீட்பு மையம் ஒண்ணு கீது. போன வருஷம் பத்து நாள் கெடந்தேன். டாக்டரு வந்து பாப்பாரு, நர்சு பக்கத்துலயே இருக்கும். ஒரு போன் போடுங்க."

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது. நான் அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். இழுப்பு நின்றபோது ஏட்டு அந்த மையத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்க ஜாமீன் கையெழுத்து போட்டா அனுப்பறேன்" என்றார்.

"நான் போட மாட்டேன். வெளிய வந்தா நேரா கடைக்குத்தான் போவான்" என்றாள் அவன் மனைவி.

டிரைவர் செத்த கதையை அவளிடம் சொன்னேன். போர்வையையும் டீயையும்கூடச் சொல்லாமல் விடவில்லை. அவள் புருஷனின் கையைப் பார்த்தாள்.

"அங்க கதவு பூட்டுவாங்களா?"

"பூட்டுவாங்கக்கா. ஆனா உள்ள ஆளு இருக்கும்."

கையெழுத்துப் போட்டாள். ஆட்டோவில் நானும் ஒரு கான்ஸ்டபிளும் அவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். வழியில் இன்னொரு இழுப்பு. மையத்தில் டாக்டர் ஊசி போடச் சொன்னார். மூன்று நாள் தாண்ட வேண்டும், யாராவது பார்த்துக்கொண்டே இருப்போம் என்றாள் நர்ஸ். என்னைக் கான்ஸ்டபிள் ஸ்டேஷனுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

அபராதம் கட்டி வெளியே வந்து, நான்காம் நாள் மையத்துக்குப் போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"நீ யாரு நைனா?"

"லாக்கப்புல பக்கத்துல இருந்தவன்."

"லாக்கப்பா?" என்று மனைவியைப் பார்த்தான்.

"ஆமா, லாரி கண்ணாடிய ஒட்ச்ச. கேஸு அப்டியேதான் கீது" என்றாள் அவள். "கையெழுத்து போட்டவ நானு. கோர்ட்டுக்கு நடந்து வர தெம்பு வேணும், தின்னு."