நான்கு நொடியில் மங்கும் படம்

மனைவி இறந்த பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு மகனால் வர முடியவில்லை. துபாயில் புது வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. அவனுக்காக ஓர் இணையப் பக்கம் செய்தேன். ஊர்க்குளங்களின் வரலாற்றை இணையத்தில் எழுதுவதற்காக, ஓய்வுபெற்ற பிறகு நானே கற்றுக்கொண்ட வேலை அது. அவளுடைய ஏழு படங்கள். ஒன்று மெல்ல மங்கி மறைய, அடுத்தது தெளியும். மங்குவதற்கு நான்கு நொடி.

அடியந்திரம் நடந்த புதன்கிழமை, பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் அழைத்தான்.

“எப்பா, படம் படக்கு படக்குன்னு வெட்டுது. அம்ம முகத்தப் பாக்க விடமாட்டேங்கு.”

“இங்க நல்லாத்தானே ஓடுது மக்களே. நீ என்னத்தையாவது அமுக்குனியா?”

“ஒண்ணும் அமுக்கல்ல. உங்க பக்கத்துக்கும் உங்களப்போல அவசரம்.”

தவறு என்னுடையதுதான். நான் எழுதிய நிரலில், படத்தை மங்கச் சொல்வது ஒரு வரி. நான்கு நொடி எண்ணிவிட்டு அதை எடுத்துவிடுவது இன்னொரு வரி. என் கணினியின் பிரவுசரில் இரண்டும் ஒன்றாக முடிந்தன. அவன் போனிலிருந்த பிரவுசர் மங்குவதைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. எண்ணிக்கை முந்திக்கொண்டு, பாதி மங்கிய முகத்தைப் பிடுங்கிவிட்டது.

மறுநாள் நாட்குறிப்பில் கோடு போட்டு, ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் போன், தக்கலையில் மைத்துனரின் பழைய கணினி என்று எல்லாவற்றிலும் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிகளைக் குறித்தேன். நான்காம் நாள் வழி கிடைத்தது. நாமாக எண்ணக் கூடாது. மங்கி முடிந்தது என்று பிரவுசரே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்று மாலையே அவனைப் போனில் அழைத்து, பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

“இப்பம் செரியா வருதா?”

“வருதுப்பா. அம்ம மெள்ளப் போறது தெரியுது.” மூக்கை உறிஞ்சினான். “ஆஸ்பத்திரில இப்பிடித்தான் போனாளா? நீங்க பக்கத்துலதானே இருந்திய.”

இருந்தேன். டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று, அவளுக்கு ஏற்றிய மருந்தையும் காய்ச்சலையும் கடைசி நாள் காலையிலிருந்து நேரத்தோடு எழுதிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் என் தோளைத் தொட்டபோதுதான் நிமிர்ந்தேன். அவள் போன நேரம் என் நாட்குறிப்பில் பிசகில்லாமல் இருக்கிறது. அந்த நிமிடத்தில் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நான்கு நாட்களிலும் அப்படியே. எத்தனையோ தடவை ஓடவிட்டும் முகத்தைப் பார்க்கவில்லை.

“தெரியாது மக்களே. நான் பாக்கல்ல,” என்றேன்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. “செரிப்பா, போய்ச் சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டான்.

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தைத் திறந்தேன். ஏழாவது படத்தில், தேங்காய் திருகிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். நெற்றியில் ஒரு துருவல் ஒட்டியிருக்கிறது. படம் மங்கத் தொடங்கியது. நான் எண்ணவில்லை.