சித்தி வைத்த பொறி

உலகத்தில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற துப்பறிவாளர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றிவிட்டு, மறு தட்டில் சித்தியின் இடது புருவத்தை மட்டும் வைத்தால், புருவத் தட்டுதான் தாழும். பிறந்த அன்றே பிரசவம் பார்த்த டாக்டரை முறைத்தவள் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. பிஸ்கட் டப்பாவின் மூடியில் உள்ள பூப்படத்தை ஜன்னல் பக்கம் பார்க்க வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். திரும்பி வரும்போது பூ வேறு திசையைப் பார்த்தால், இதை எழுதுகிற அக்கா மகன் கூண்டில் ஏறவேண்டியதுதான்.

அவளுக்கு வேலை, லிஃப்ட் கதவுகளை ஓட்டும் புரோகிராம் எழுதுகிற ஒரு கம்பெனியில். அங்கே உள்ள யூனிக்ஸ் வகை சர்வரைக் கட்டிக் காப்பவள் அவள். மனிதர்கள் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. அந்த சர்வரில் அது பழையது, நடுவாந்தரம், புதியது என்று ஒரே வீட்டில் குடித்தனம் செய்யும் ஓரகத்திகள் மாதிரி மூன்று பதிப்புகளாக இருந்தது. வாசலில் நின்று பொதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூவரில் யார் எட்டிப் பார்க்கவேண்டும் என்பதை ஒரு லிங்க் தீர்மானிக்கும். சித்தி அந்த லிங்கைப் பழையதை நோக்கித் திருப்பி வைத்திருந்தாள்.

காரணம் உண்டு. பழைய லிஃப்டுகளின் புரோகிராம், கதவை மூடுவதற்கு முன் காத்திருப்பதற்காகச் சும்மா எண்களை எண்ணிக்கொண்டிருக்கும். பழைய கம்பைலர் சொன்னதைத் தட்டாமல் எண்ணவைக்கும். புதியது மேதாவி. இப்படி எண்ணி யாருக்கு என்ன லாபம் என்று அந்த வரிகளையே தூக்கிவிடும். எண்ணிக்கை போனால் காத்திருப்பும் போச்சு. கதவு மூஞ்சியில் அறையும். அந்தப் புரோகிராமைத் திருத்தலாமே என்றால், எழுதினவர் எப்போதோ போய்விட்டார், தொட யாருக்கும் தைரியமில்லை.

இப்படி இருக்கையில் தடிமனான கண்ணாடி போட்ட ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். சோடாபுட்டி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் சர்வரின் பாஸ்வேர்டைக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். சித்திக்குச் சொத்தில் பாதியை எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. கொடுத்தாள். ஆனால் கொடுத்த கையோடு ஒரு பொறியும் வைத்தாள்.

கட்டளை எதை அடித்தாலும் சர்வர் சில ஃபோல்டர்களை வரிசையாகத் தேடும். முதலில் தேடும் ஃபோல்டரில், கம்பைலரின் பொதுப்பெயரையே வைத்து, நாலைந்து கட்டளை கொண்ட ஒரு குட்டி ஸ்கிரிப்டைப் போட்டாள். யார் கூப்பிட்டாலும் முதலில் இது எட்டிப் பார்க்கும், கூப்பிட்டது யார் என்று குறித்துக்கொள்ளும், பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி வேலையை உண்மையான கம்பைலரிடம் தள்ளிவிடும். அவள் மட்டும் பொதுப்பெயரை எப்போதும் நம்புவதில்லை. முழு முகவரியையும் அடித்துத்தான் பழையதைக் கூப்பிடுவாள்.

மறுவாரம், பட்டறையில் சோதனைக்கு நிறுத்தியிருந்த கதவு, சோதிப்பவரின் சாப்பாட்டுப் பையைக் கவ்வி நசுக்கியது.

"யாரு பண்ணின புரோகிராம் இது? என் கையா இருந்தா என்ன ஆகும்?" என்று அவர் கத்தினார்.

பழைய புரோகிராமைக் கம்பைலரில் கொடுத்து மெஷினுக்கு மாற்றினது சோடாபுட்டி. சித்தி ஓடிப்போய் லிங்கைப் பார்த்தாள். ஒழுங்காகப் பழையதையே காட்டியது. அதே புரோகிராமைத் தானே கம்பைல் பண்ணிப் பார்த்தாள், கதவு பதவிசாகக் காத்திருந்து மூடியது. அவன் பண்ணினால் மறுபடி அறைந்தது. பொறியில் பார்த்தால் அந்த வாரம் முழுக்க அவன் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? லிங்கை மாற்றுகிறான், வேலை முடிந்ததும் பழையபடி திருப்பி வைக்கிறான், கள்ளன்!

மேனேஜரிடம் சொன்னாள். "லிஃப்ட்ல மனுஷங்க போறாங்க மேடம். இன்னிக்கு சாயங்காலத்தோட அவனை அனுப்பிடறேன்," என்றார் அவர்.

விஷயம் கசிந்து சோடாபுட்டி அவள் மேஜைக்கு வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, நான் லிங்கைத் தொடவே இல்ல."

"தொடாமத்தான் பழசு புதுசாச்சா தம்பி?"

"எனக்குத் தெரியலக்கா. நீங்களே என் சீட்டுல உக்காந்து பண்ணிப் பாருங்க. ஒரே ஒரு தடவை."

இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். பொறி வைத்த நாளுக்குப் பிறகு முதன்முறையாகப் பொதுப்பெயரை அடித்து, நீ எந்தப் பதிப்பு என்று கேட்டாள். புதியது என்றது. லிங்கைப் பார்த்தாள். பழையதுதான். அப்படியானால் இடையில் எவனோ இருக்கிறான். நீ எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டாள். திரையில் வந்து நின்ற முகவரி, அவள் பொறி வைத்த ஃபோல்டர்.

பொறியை எழுதிய அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்கப் புதிய கம்பைலரின் முகவரியைப் போட்டிருந்தாள். பிறகு மாற்ற மறந்துபோயிருந்தாள். அவன் அடித்ததெல்லாம் அவள் கையாலேயே புதியதிடம் போய் விழுந்திருக்கிறது.

"என்னக்கா, ஏதாவது தெரியுதா?" என்றான் பின்னால் நின்றவன். திரையை மறைத்துக்கொண்டு, "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா தம்பி," என்றாள். அக்கா குரலில் முதல்முறை கனிவைக் கேட்டு அவன் இன்னும் பயந்துபோனான்.

அந்த ஃபைலை அழித்துவிட்டால் போதும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலம் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். விரல் அழிக்கும் கட்டளைவரை போனது, அங்கேயே நின்றது. எழுந்து தன் இடத்துக்குப் போனாள், தன் லேப்டாப்பைத் திறந்தாள், மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினாள்: 'கம்பைலர் அமைப்பில், ஏதோ ஒரு சிறு பிழை நேர்ந்திருக்கலாம்.' படித்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்று எழுதி அனுப்பினாள்: 'பிழை என்னுடையது. அந்தப் பையன் எதையும் தொடவில்லை. எப்படி என்று நேரில் வந்து சொல்கிறேன்.'

நேரில் போய்ச் சொன்னாள். மேனேஜர் திட்டினார், நன்றாகவே திட்டினார். சோடாபுட்டி வேலையில் தங்கினான். அன்று வீட்டுக்கு வந்த சித்தி லேப்டாப் பையை மேஜைமேல் போட்டுவிட்டு, எதையும் சோதிக்காமல், யாரையும் விசாரிக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்து அவளிடமே கொடுத்தாயிற்று. நிதானமாகப் படித்தாள். பெருமையாக ஒரு வார்த்தை வரும் என்று அக்கா மகன் பக்கத்திலேயே நின்றான்.

"கதவு, பொறி, அந்தப் பையன், எல்லாம் நான் உங்கம்மாகிட்ட சொன்னதுதான். சரி. அனுப்பாம விட்ட மெயில் உனக்கு எப்படித் தெரியும்?"

"அது... கற்பனை சித்தி."

இடது புருவம் மெல்ல மேலே போனது.

"'அமைப்பில்'னு எழுதிட்டு ஒரு கமா போட்டிருக்க. அந்த இடத்துல கமாவே தேவையில்ல, நான் பதட்டத்துல போட்டது. உன் கற்பனை அதையும் போட்டுச்சாடா?"