இருக்கைக்கு அடியில் ஒரு ஜெனரேற்றர்

நண்டுக்கறி என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று ஒரு பின்னேரம் முழுமனதாக நம்பினேன்.

பழைய வான் வண்டி ஒன்றில் படுக்கவும் சமைக்கவும் வசதி செய்து, மனைவி தங்கத்துடன் ஊர் சுற்றுவது என் பொழுதுபோக்கு. அதில் மின்விளக்கும் எரியவேண்டும் என்று ஆசை வந்தது. வவுனியாக் கடைக்காரர் வானுக்கு வெளியே பூட்டும் ஜெனரேற்றரைத்தான் முதலில் காட்டினார். வெளியே வைத்தால் கள்ளர் விடுவார்களா? இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறியதைத் தெரிந்தெடுத்தேன்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் வானை நிறுத்தி, நண்டுக்கறியுடன் மூக்குமுட்டச் சாப்பிட்டோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கதவு, யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஜெனரேற்றரை இயக்கினேன். விளக்கின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை இடித்தது, வயிறு குமட்டியது, கால்கள் துவண்டன.

"தங்கம், இந்த நண்டு என்னைக் கொண்டுபோகப் போகுது. அக்கராயனிலை இருக்கிற எங்கடை வயலையும் மாடுகளையும் தம்பியிட்டைக் குடுத்திடாதை. அவன் மாடுகளைப் பட்டினி போடுவான்."

"எனக்கும் தலை சுத்துது. போறதெண்டால் அந்தக் கதவைத் திறந்துபோட்டுப் போங்கோ, புகை கண்ணைக் கரிக்குது!"

திறந்தேன், ஈரமணலில் குப்புற விழுந்தேன். அவளும் தவழ்ந்து வந்து பக்கத்தில் இருந்தாள். கடற்காற்றுப் பட்டதும் தலை தெளிந்தது. என் மரண சாசனம் பாதியிலேயே நின்றது.

இப்போது ஜெனரேற்றரை வெளியே இறக்கி, புகை வான் பக்கம் வராதபடி தள்ளிவைத்து, சங்கிலியால் கட்டிவிட்டுத்தான் இயக்குகிறேன். யன்னலும் திறந்தே இருக்கும்.

நண்டு நல்ல நண்டு. பூட்டிய வானுக்குள் நிறைந்த ஜெனரேற்றர் புகைதான் எங்கள் இருவரையும் மயக்கியது.