நனையாத சட்டை

யார் வேலை செய்கிறார்கள், யார் டிமிக்கி கொடுக்கிறார்கள் என்பதைச் சட்டை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொண்ட காலம் உண்டு. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. அயர்னிங் செக்‌ஷனுக்கு நான் சூப்பர்வைசர். தகரக் கூரை, கத்திரி வெயில், ஆறு டேபிளிலும் நீராவி. பதினோரு மணிக்கெல்லாம் எல்லார் சட்டையையும் பிழிந்தால் தண்ணீர் வரும், ஒருவருடையதைத் தவிர.

அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் சட்டை மட்டும் காலையில் போட்டு வந்தது மாதிரியே மொடமொடவென்று இருக்கும். அரை மணிக்கொரு தரம் குழாயடிக்குப் போய்த் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வருவார். சாப்பிட்டு எழுந்தால் உடனே நடக்க மாட்டார். டேபிளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார்.

"அண்ணன் எந்திரிக்கறதுக்கே நல்ல நேரம் பாக்கறாருங்க" என்றேன் ஒருநாள். செக்‌ஷனே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஷிப்மென்ட் நெருக்கடியான ஒரு நாள், பக்கத்து டேபிள்காரர் வெக்கை தாங்கவில்லை என்றார். அண்ணன் பக்கத்திலிருந்த ஃபேனை நானே தள்ளிக்கொண்டு போய் அவருக்கு வைத்தேன்.

"வேர்க்காதவருக்கு எதுக்குங்க ஃபேனு? அண்ணா, துண்டு நனைக்கறதெல்லாம் இனி டீ டைமுல வெச்சுக்குங்க."

"செரிங்க தம்பி. உடம்புதான் காந்துதுங்க."

"வேர்க்கற அளவுக்கு வேலை செஞ்சாத் தானாத் தணிஞ்சிருமுங்க."

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரோ சொன்னதாக நினைத்துக்கொள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன்.

மூன்று மணிக்கு அவர் டேபிள் மேலேயே சரிந்தார். தூக்கப் போன என் கையை, அப்போதுதான் தேய்த்து எடுத்த பீஸைத் தொட்டது மாதிரி அவர் உடம்பு சுட்டது. அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தண்ணீரை ஊற்றி, கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிழைத்துக்கொண்டார். டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். நாம் சொல்லாமலே வேலை செய்யும் நரம்புகள் உடம்பில் இருக்கின்றனவாம். எழுந்து நின்றால் ரத்தத்தைக் காலில் தேங்கவிடாமல் தலைக்கு ஏற்றுவது அவைதான். சூடு கூடினால் வியர்க்க வைப்பதும் அவைதான். பல வருடச் சர்க்கரை இவருக்கு அந்த நரம்புகளைக் கெடுத்துவிட்டது. டேபிளைப் பிடித்து நின்றது கிறுகிறுப்பு அடங்க. உடம்பு தானாகச் செய்ய வேண்டியதை இந்த மனிதர் துண்டாலும் குழாய்த் தண்ணீராலும் ஃபேன் காற்றாலும் செய்துகொண்டிருந்தார். மூன்றையும் ஒரே நாளில் நான் நிறுத்தினேன்.

"இவருக்கு வேர்க்கறதே இல்லைன்னு கூட இருந்தவங்க யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார் டாக்டர்.

அதை என்னைவிட அதிகமாகக் கவனித்தவர் யாருமில்லை.

"இல்லீங்க சார்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, டேபிளுக்கடியில் விட்டுப்போன டிபன் கேரியரை எடுக்க வந்தார். சூட்டில் இனி வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவரிடம் சொல்ல வேண்டியதை நான் தினமும் வண்டியில் வரும்போது சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஷிப்மென்ட் நேரத்துல உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டனுங்க தம்பி."

முகம் எரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. முதுகில் வியர்வை வழிந்து சட்டை ஒட்டியது. சொல்லாமலே வேலை செய்யும் நரம்பெல்லாம் எனக்கு நன்றாகத்தான் இருந்தன. நான் சொன்னால் அசைய வேண்டிய நாக்குதான் அசையவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இப்படி வேர்த்து ஊத்துது? சித்த நேரம் காத்துல நில்லுங்க."

டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.