ராட்டையில் படிக்க முடியாத புத்தகம்

ஓடிப்போய்விட்டாள் என்று சொல்கிறவர்கள், ஓடிப்போகிறவள் எப்படிப் போவாள் என்றாவது யோசித்துச் சொல்லவேண்டாமா? பட்டப்பகலில், தெருக்குழாயில் அத்தனை பேர் குடத்தோடு நிற்கும்போது, "கூரத்துல தம்பி வீட்டுக்குப் போறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டா போவாள்? பிள்ளையார்பாளையமே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் எதிர்வீட்டு வள்ளி இப்படிப் பேசுகிறாள்:

"புக்கு படிச்சிப் படிச்சி புத்தி கலங்கிப்போச்சும்மா காந்தாவுக்கு. இல்லன்னா பேரன் எடுக்கிற வயசுல புருஷன வுட்டுட்டு எவளாவது கெளம்புவாளா?"

புத்தி தெளிவாகத்தான் இருந்தது. களைத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். களைப்புக்கும் கலக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் என்ன பேசுவது?

காந்தா வாக்கப்பட்டு வந்த வாரமே ராட்டை முன்னால் உட்கார்ந்தவள். வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் தறியில் பட்டுப்புடவை நெய்வார். அவர் குறுக்கே வீசுகிற நாடா என்ற மரக்கட்டைக்குள் வைக்கும் குழலில் இவள் பட்டைச் சுற்றித் தரவேண்டும். அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை இழையைப் பிடிக்கும். கண்ணுக்கு மட்டும் வேலை கிடையாது. அந்தச் சும்மா இருந்த கண்ணுக்குத்தான் அவள் புத்தகம் கொடுத்தாள்.

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வருகிற புத்தகங்கள்தான். இதுதான் வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. கொலைக்கதை வரும், பேய்க்கதை வரும், ராஜா கதை வரும், சமையல் புத்தகம் வரும், வீட்டு வைத்தியம் வரும். ராட்டைக்கு முன்னால் பலகையில் விரித்து வைத்து, பக்கத்தை முழங்கையால் புரட்டுவாள். காலால் புரட்டினால் சுலபம்தான், ஆனால் புத்தகத்தில் கால் படுவதா!

ராஜா கதை படித்தால் அவளுக்கு அலுப்பு வரும். "இத்தினி பேரு சண்டைக்குப் போறானுங்களே, இவனுங்களுக்கு யாரு சோறாக்கினாங்கன்னு ஒரு வரி இருக்குதா பாருங்க" என்பாள். சமையல் புத்தகம்தான் இருப்பதிலேயே பெரிய கட்டுக்கதை என்பது அவள் தீர்மானம். பத்து நிமிஷத்தில் வத்தக்குழம்பாம்! யாரோ ஒருவர் பனிமலைக்குப் போய்வந்து எழுதியதைப் படித்த அன்றைக்கு மட்டும், சித்திரை வெயிலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுற்றினாள். திருத்தணிக்கு அப்பால் போகாதவள் அவள்.

அவள் படிப்பது எதுவென்று பஞ்சாட்சரத்துக்குச் சொல்லவேண்டியதில்லை. நாடாவை வீசும்போது இழை கழலுகிற விதத்திலேயே அவர் கைக்குத் தெரிந்துவிடும். கொலைக்கதை என்றால் தார் இறுகியிருக்கும், இழை வெடுக்கென்று அறும். குடும்பக்கதை என்றால் தொளதொளவென்று வரும்.

"இன்னா காந்தா, இன்னிக்குப் பேயா?"

"ஆமாங்க. கெணத்துல இருந்து இப்பத்தான் ஏறிக்கினு இருக்குது."

"மெதுவா ஏறச் சொல்லு. எனக்கு இங்க இழை அந்துபோவுது."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் வருஷங்கள் போயின. ஒருநாள் கவிதைப் புத்தகம் ஒன்று வந்தது, மெலிசாக, அட்டை கிழிந்து. அதை மட்டும் அவளால் ராட்டையில் படிக்க முடியவில்லை. ஒரு வரி படித்ததும் கை தானாக நின்றது. நின்றால்தான் அது உள்ளே இறங்கியது. சுற்றினால் வரி ஓடிவிட்டது. அதை மூடி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

அன்று இரவு சோறு போடும்போது கேட்டாள்.

"சாப்ட்ட பெறகு ஒரு மணி நேரம், கையில வேலை இல்லாம ஒக்காந்து படிக்கணுங்க. அவ்ளோதான்."

"படியேன். யாரு வேணாம்னது? இந்தப் புடவை முடியட்டும்."

அவர் கெட்டவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். மனசறிந்துதான் சொன்னார். ஆனால் தறி எப்போது முடிந்திருக்கிறது? ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழை, தீருகிறபோது அதன் நுனியிலேயே அடுத்த பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுவது வழக்கம். தறியில் ஒருநாளும் வெறும் கட்டை தெரிவதில்லை. புடவையை அறுத்து எடுக்கும்போதே அடுத்த புடவை பின்னால் நின்றுகொண்டிருக்கும். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். தீபாவளி என்றார், தை முகூர்த்தம் என்றார். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

போன மாதம் பாவு பிணைக்கிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பழைய இழையும் புது இழையும் அவர்கள் விரலில் முறுக்கிக்கொண்டு ஒன்றாவதைக் காந்தா நின்று பார்த்தாள். தோள்பட்டை வலித்தது.

"ஏங்க, புடவைதான் முடிஞ்சிதே?"

"அதான் பிணைச்சாச்சே காந்தா. இந்தப் பாவு முடியட்டும்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ராட்டையில் உட்கார்ந்து சுற்றினாள். பலகையில் புத்தகம் கிடையாது. காலையிலும் சுற்றினாள், மாலையிலும் சுற்றினாள். தறியில் இருக்கிற புடவைக்கு வேண்டிய தார் முழுக்கச் சுற்றி, ஈரத்துணி போர்த்தி, கூடையை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அதன் பிறகு அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்த புத்தகத்தை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நாடாவில் போட்டு வீசினார். இன்னொரு தடவை வீசினார்.

"இன்னா கதை இன்னிக்கு? இழை இருக்கிறதே தெரியலயே, தண்ணியாட்டம் ஓடுது."

"ஒண்ணும் படிக்கலங்க."

அவர் கை நின்றது. தறிக்குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவள் காலில் செருப்பு இருந்தது.

"இந்தப் புடவைக்குத் தார் இருக்குது. அடுத்ததுக்குக் கோடி வீட்ல மோட்டார் ராட்டை இருக்குது, சொல்லி வச்சிருக்கேன். குழம்பு மூடி வச்சிருக்கேன். கூரத்துக்குப் போய் ஒக்காந்து படிச்சிட்டு வரேன்."

"எப்ப வருவ?"

"இந்தப் புக்கு முடியட்டுங்க."

வாசலில் இறங்கினாள். குழாயடியில் வள்ளி கேட்டதற்கு நின்று பதில் சொன்னாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். தெருமுனைவரை மற்ற வீட்டுத் தறிச் சத்தமெல்லாம் கேட்டது. அவள் வீட்டுத் தறி மட்டும் கேட்கவில்லை.