புது வடத்து மஞ்சள் துணி

கட்டடம் கட்டுகிற இடங்களில் ‘கிரேனுக்குக் கீழே நிற்காதே’ என்று போர்டு வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழே நிற்கிறவனுக்குத் தெரியாதாக்கும்! மேலே உட்கார்ந்து ஓட்டுகிற என்னைப் போன்ற சண்டாளனுக்கு எவனாவது எழுதி வைத்தானா?

எழுபதுகளில் திருச்சுழிப் பக்கம் கிணறு வெட்ட டீசல் இன்ஜின் வைத்த கிரேன்கள் வந்தன. அடியில் பாறைக்கு வெடி வைத்து, கல்லை இரும்புத் தொட்டியில் அள்ளிப் போடுவார்கள். இரும்பு வடம் அதை மேலே இழுக்கும். ஆறு வருசம் குழிக்குள் கல் உடைத்த என்னைக் காண்ட்ராக்டர் ஒருநாள் டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தங்கச்சி புருசன் அதே கிணற்றுக்குள்தான் வேலை பார்த்தான்.

நரிக்குடி ரோட்டில் ஒரு சம்சாரியின் கிணறு. அறுபதடி போயும் ஈரமில்லை. வடத்தில் ஓரிடத்தில் பிரி அறுந்து பிசிறு விட்டிருந்தது. மாற்ற வேண்டும் என்றேன். புது வடம் மதுரையிலிருந்து வரவேண்டும், அதற்குள் மழை விழுந்துவிடும் என்றார் காண்ட்ராக்டர்.

“ஓட்ட ஏலலைன்னா சொல்லு. வேற ஆளு இருக்கு. நீ பழையபடி உள்ள எறங்கு.”

நான் அதே வடத்தில் தொட்டியை இறக்கினேன்.

மாப்பிள்ளையும் பிசிறைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து தொட்டி ஏறும்போதெல்லாம் கூட இருந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பான். தொட்டி காலியாகித் திரும்புகிறவரை ஒரு கல்லைத் தொடமாட்டான். வேலை பாதியாகப் படுத்தது. காண்ட்ராக்டர் என்மேல் எரிந்து விழுந்தார். மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“புது வடம் மாட்டுற வரைக்கும் இப்படித்தான் மச்சான். நான் பிள்ளக்காரன்.”

புது வடம் மாட்டினால் பூசை போட்டு, அதில் மஞ்சள் துணி கட்டுவது எங்கள் வழக்கம். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆட்கள் வருவதற்கு முன்னால் போய், பழைய வடம் முழுக்க கிரீஸைப் பூசினேன். பிசிறு இருந்த இடத்தில் மஞ்சள் துணியைச் சுற்றி இறுக்கி முடிந்தேன். வாயால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வந்தான். துணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, இனி நிம்மதி என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

மத்தியானம், கல் நிறைந்த தொட்டி கிணற்று வாய்க்கு வருகிற நேரத்தில் துணிக்குள்ளேயே வடம் அறுந்தது. மற்ற மூன்று பேரும் பழக்கத்தில் சுவரோரம் நின்றிருந்தார்கள். இவன் மட்டும் நட்ட நடுவில் குத்தவைத்து அடுத்த தொட்டிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

புது வடமே அறுந்துவிட்டது, கிணறு காவு வாங்கிவிட்டது என்று காண்ட்ராக்டர் ஊரெல்லாம் சொன்னார். நான்காம் நாள் ஊற்று பீறிட்டது. பார்த்தீர்களா என்று ஊரே தலையாட்டியது. முதல் தண்ணீரைச் செம்பில் மொண்டு என்னிடம் கொடுத்தார்கள். குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கையில் அந்தத் துணி, கிரீஸ் கறையோடு. மூன்று பேரில் ஒருவன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

“புது வடந்தானேண்ணே?”

“ஆமா தாயி.”

“அப்ப அவுக விதி. யாரைச் சொல்ல?” என்றாள். துணியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். “கடைசியா அவுக கண்ணுல ஒத்துனது. பிள்ளைக்குக் காவலா இருக்கட்டும். தாய்மாமன் நீயே கட்டிவிடுண்ணே.”

ஒன்றரை வயசுப் பிள்ளை கையை நீட்டியது. கட்டினேன். வடத்துக்குப் போட்ட அதே முடிச்சுதான் விழுந்தது.