கழுத்துக்குள் கழன்ற திருகு

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அடைமழை நாட்களில் தாமிரபரணியில் செந்தண்ணீர் நுரைத்துப் போகும். டவுன் பஸ்ஸுக்குள் எல்லோருடைய குடையும் அடுத்தவர் காலில் சொட்டும். கரும்பலகை ஈரம் கோத்துக்கொண்டு எழுத்தே பிடிக்காது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துவிடுகிறது. அதே மழைக்காலத்தில்தான், முன்பின் தெரியாத ஒருவரால் நான் தப்பிப் பிழைத்தேன்.

அதற்கு எட்டு மாதம் முன்பு மதுரையில் எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருந்த ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியதில், வலது கையில் சாக்பீஸ் நிற்காமல் நழுவி விழும். அந்த ஜவ்வை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து வெட்டிய எலும்புத் துண்டை அங்கே பொருத்தி, முன்பக்கம் ஒரு சின்ன உலோகத் தகடு வைத்து நான்கு திருகுகளால் இறுக்கியிருந்தார்கள். கை சரியாகிவிட்டது. பள்ளிக்குத் திரும்பிய அன்று பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு கணக்கைப் போட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

புரட்டாசிக் கடைசியில் சோறு தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். "ஏட்டி, பைய தின்னு. ஒன்னிய யாரு வெரட்டுதா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் சிரித்து மழுப்புவேன். பள்ளியில் மற்ற டீச்சர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் விரதம் என்பேன். மறுபடியும் ஓர் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். வாய்விட்டுச் சொன்னால்தானே அது நிஜம் என்று இருந்துவிட்டேன்.

கூடவே இருமலும் விடவில்லை. எங்கள் தெரு டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். தொண்டையைப் பற்றி அவரிடமும் மூச்சு விடவில்லை.

பள்ளி விட்டதும் மார்க்கெட் பக்கம் இருந்த எக்ஸ்ரே கடைக்குப் போனேன். படம் எடுப்பவருக்கு என் வயதுதான் இருக்கும். படம் கழுவும் மருந்துத் தண்ணீரில் நனைந்து நனைந்து விரல் நுனியெல்லாம் பழுப்பேறியிருந்தது. இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டும் படத்தோடு வந்து, விளக்கில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு டீச்சர். கழுத்துல பிளேட் வச்சிருக்கீங்களோ? படத்துக்கு மேல்பக்கம் கொஞ்சம் தெரியுது. ஒரு ஸ்க்ரூ மட்டும் சரிஞ்சு நிக்க மாதிரி இருக்கு. சாப்பாடு எறங்குதா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நீங்க படம் எடுக்கிறவர்தானே? டாக்டர் வேலையை டாக்டர் பார்த்துக்குவார்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, படத்தைக்கூட வாங்காமல் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

பஸ் வருவதற்குள் அவர் வந்துவிட்டார், கொட்டுகிற மழையில், குடை இல்லாமல்.

"கோவப்படாதீங்க டீச்சர். பக்கவாட்டுல ஒரே ஒரு படம் எடுத்துருவோம். நான் சொன்னது தப்புன்னா நல்லதுதானே? என்னிய ஏசிட்டுப் போங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் நிற்க, "எறங்கலீங்க. ஒரு மாசமா எறங்கல" என்றேன். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைப் பேர் தெரியாத ஒருவரிடம் நடுரோட்டில் சொல்லிவிட்டேன்.

கடைக்குத் திரும்பி எடுத்த அந்தப் பக்கவாட்டுப் படத்தை நானே பார்த்தேன். மூன்று திருகுகள் எலும்போடு ஒட்டி நின்றன. கீழே இருந்த ஒன்று மட்டும் பாதிக்கு மேல் கழன்று, தொண்டைப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பென்சில் முனையால் அதைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. நாளைக்கே மதுரைக்குப் போயிருங்க" என்றார்.

விடிந்ததும் வீட்டுக்காரரும் நானும் கிளம்பினோம். கோவில்பட்டி தாண்டியபோது அவர், "எங்கிட்ட சொல்லணும்னு ஒனக்குத் தோணலையே" என்றார். கழுத்துக்குள் இருந்த திருகைவிட அது அதிகமாகக் குத்தியது.

படத்தைப் பார்த்த மதுரை டாக்டர் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். திருகின் தலை உரசி உரசி உணவுக்குழாயின் சுவர் மெலிந்திருந்தது, ஓட்டை விழவில்லை. விழுந்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். நல்லவேளையாக எலும்பு கூடியிருந்ததால், தகட்டையும் திருகுகளையும் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்து ரசம் விட்டுக் குழைத்த சோறு தடையில்லாமல் உள்ளே இறங்கியதே, அந்த ருசி வேறு எந்தச் சாப்பாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மார்கழியில் அந்த எக்ஸ்ரேக்காரரைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வலியோட வர்றவங்க நாலு வார்த்தை ஏசத்தான் செய்வாங்க, விடுங்க" என்றவர், மதுரையில் எடுத்த புதுப் படத்தை ஆசையாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அடடா, எலும்பு என்னமா கூடியிருக்கு!" என்று, தானே செய்த வேலை போலச் சந்தோஷப்பட்டார்.

இன்று அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அவர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேலை பார்த்த அத்தனை வருஷமும், வாடிய முகத்தோடு "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொன்ன எந்தப் பிள்ளையையும், அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று, இன்னொரு தரம் கேட்காமல் நான் விட்டதில்லை.